ஆற்காடு என்றால் இடது பக்கம்

“மக்பூலு, நாளைக்கு ஃபைனல்ல நீ கோல் அடிக்கப் போறதில்ல.”

சத்தியநாதன் சார் இதைச் சொன்னபோது மக்பூல் அகமது பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டுவதை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தான். ஆம்பூர் கல்லூரி அணிக்கு அவன்தான் கேப்டன், அவன்தான் கோல் அடிப்பவன். இரண்டு வருஷமாக ஃபைனல் வரை போய் வேலூர் அணியிடம் தோற்று, கிண்டல் கேட்டே காது புளித்துப் போனவன். இது அவனுக்குக் கடைசி வருஷம்.

“அப்ப நான் இன்னா சார் பண்றது, கொடி புடிக்கிறதா?”

“ஓடுவே. பந்து இல்லாமயே ஓடுவே. உன்னப் பாத்து ரெண்டு பேரு பின்னாடி வருவான். அந்தச் சந்துல பரணி பூந்து அடிப்பான்.”

ரைட் விங்கில் ஆடும் பரணிதரன் ‘நானா?’ என்பது போல் தன்னையே சுட்டிக் காட்டினான்.

சார் இந்தக் கல்லூரிக்குக் கோச்சாக வந்து மூன்று மாதம்தான். வந்ததுமே, பந்தை உயரத் தூக்கி மக்பூல் தலைக்குப் போடும் பழைய ஆட்டத்தை ஏறக்கட்டிவிட்டார். பையன்களைப் பாலாற்று மணலில் நுரை தள்ள ஓடவிட்டார். ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஓர் ஊர்ப் பெயர் வைத்தார். சோளிங்கர் என்றால் பந்து மலை ஏற வேண்டும். காவேரிப்பாக்கம் என்றால் ஏரி உடைந்த மாதிரி எல்லோரும் கோலுக்கு முன்னால் பாய வேண்டும். ஆற்காடு என்றால் தரையோடு தரையாக, கீப்பருடைய இடது கைப் பக்கம். கோட்டுக்கு வெளியே நின்று அவர் கூவுவதைக் கேட்டால் பஸ் ஸ்டாண்டு ஞாபகம்தான் வரும்.

“நாளைக்கு ஆற்காடு மட்டும்தான்” என்றார். “அந்த வேலூர் கீப்பர் நெல்வின் இருக்கானே, ஒசர வர்ற பந்த பூப்பறிக்கிற மாதிரி பறிச்சிடுவான். இடது பக்கம் கீழ வந்தா மட்டும் கொஞ்சம் லேட்டா வளைவான்.”

“நல்ல கீப்பர் சார். ரெண்டு வருஷமா என்ன அழ வெச்சவன்.”

“நல்லவன்தான். அதுக்காக விட்டுற முடியுமா?”

அவர் அந்தப் பக்கம் போனதும் பரணி கிசுகிசுத்தான். “பழி தீக்குறாருடா. ரொம்ப வருஷம் வேலூர்லதான் கோச்சா இருந்தாரு. வேற ஆளப் போட்டுட்டு இவர அனுப்பிட்டாங்க. நெல்வினுக்குப் பந்து புடிக்கக் கத்துக் குடுத்ததே இவருதானாம்.”

“அதான் உள்ளத எல்லாம் புட்டுப் புட்டு வெக்கிறாரா?”

“இங்கயும் டெம்பரவரிதானே. கப்பு வந்தா பர்மனென்ட், இல்லன்னா கெளம்ப வேண்டியதுதான்னு நம்ம காலேஜ் கரெஸ்பாண்டென்ட் சொல்லிட்டாராம்.”

மக்பூலுக்கு மனசு கசந்தது. கற்றுக் கொடுத்த பையனையே காட்டிக் கொடுத்து ஒரு வேலையா? ஆனால் கப்பு வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. தோல் பதனிடும் ஷாப்பு வாடையோடு காற்று மைதானத்தைச் சுற்றி வந்தது. பரணி அடித்த முதல் பந்தை நெல்வின் பாய்ந்து தட்டினான். இரண்டாவதையும் தட்டினான். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. இடைவேளை வரை கோல் இல்லை.

“சார், அவன் இன்னிக்கு வெறியில கீறான். எனக்குப் பந்தக் குடுங்க, சோளிங்கர் போட்டுப் பாப்போம்” என்றான் மக்பூல்.

“வேணாம். ஆற்காடுதான்.”

“ரெண்டையும் புடிச்சிட்டானே சார்.”

“இப்ப கை எரிஞ்சிட்டு இருக்கும். அடுத்ததுக்கு விழுறதுக்கு முன்னாடி யோசிப்பான். அங்கயே அடிங்க.”

சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இவ்வளவு ஈவிரக்கமில்லாத ஆளை மக்பூல் பார்த்ததே இல்லை.

ஆட்டம் முடியும் நேரம். மக்பூல் பல்லைக் கடித்துக்கொண்டு, வராத பந்துக்காக உயிரைக் கொடுத்து ஓடினான். சார் சொன்ன மாதிரியே இரண்டு பேர் அவனோடு ஓடி வந்தார்கள். சந்து திறந்தது. பரணி பந்தோடு உள்ளே புகுந்தான். கோட்டுக்கு வெளியே இருந்து மட்டும் சத்தமே வரவில்லை.

மக்பூல் திரும்பிப் பார்த்தான். சார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். பிறகு கையை எடுத்தார்.

“ஆற்காடு” என்றார்.

பரணி அடித்தான். நெல்வின் உடம்பு முழுவதையும் நீட்டிப் பாய்ந்தான். பந்து அவன் விரல் நுனியை உரசிக்கொண்டு வலைக்குள் போய் விழுந்தது.

அந்த ஒரு கோல் போதுமானதாக இருந்தது. விசில் ஊதியதும் கரெஸ்பாண்டென்ட் ஓடி வந்து, “சார், இனிமே நீங்க எங்க ஆளு” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பையன்கள் சாரைத் தோளில் தூக்கினார்கள். அவர் உதறிக்கொண்டு இறங்கினார். நேராக எதிர்ப்பக்கக் கோல் கம்பத்தை நோக்கி நடந்தார். அங்கே நெல்வின் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தான்.

செத்த பாம்பை அடிக்கப் போகிறார் என்று மக்பூலுக்குப் பட்டது. தடுக்கலாம் என்று பின்னாலேயே ஓடினான்.

சார் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“உண்மையச் சொல்லு. வேணும்னே வுட்டியா?”

நெல்வின் தலையைத் தூக்கினான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அப்பா, சத்தியமா வுடல. உங்க வேல போனா போவட்டும்னுதான் பாஞ்சேன், எட்டல. அம்மாகிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்க.”