சப்பாத்துக்குள் கராம்பு

“இது என்னாடா?”

கேட்டில் காவலுக்கு நின்ற செபஸ்தியன் குடை முனையால் தரையைக் காட்டினார். சீமெந்துத் தரையில் கராம்பு சிதறிக் கிடந்தது.

விஜேந்திரனின் ஒரு காலில் சப்பாத்து, மற்றது கையில். பெருவிரலில் ஏதோ குத்துகிறதே என்று கழற்றிக் கவிழ்த்தவனே அவன்தான்.

“தெரியலங்கண்ணே.”

“ஓஹோ! கராம்புக்குக் காலு மொளைச்சு தானா வந்து ஏறிக்கிச்சாக்கும்?”

கராம்பும் மிளகும் சாதிக்காயும் வாங்கித் தரம் பிரித்து அனுப்புகிற உக்குவளை ஸ்டோர் அது. வேலை விடும் நேரம். கராம்பு பொறுக்குகிற பெண்கள் நல்லம்மாவின் தலைமையில் சுற்றி நின்றுவிட்டார்கள். வேடிக்கை என்று வந்துவிட்டால் பஸ்ஸாவது ஒன்றாவது!

அங்கே சட்டம் கடுமை. வெளியில் போட்டு வருவதைக் கழற்றி வாசல் ராக்கையில் வைத்துவிட்டு, ஸ்டோர் செருப்போடுதான் உள்ளே போக வேண்டும். மாலையில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். போன வருசம் முத்துவீரனின் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு பிடி மிளகு இருந்தது. அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு உக்குவளையில் ஒரு ஸ்டோரும் அவனை வாசற்படி மிதிக்க விடவில்லை.

விஜேந்திரன் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

அவனுடைய சப்பாத்து ஏற்கெனவே பேர்போனது. தோட்டத்திலிருந்து அட்டை கடிக்கிற பாதையில் மழையோடு மழையாக நடந்து வருகிறவன். இருப்பதோ ஒரு சோடி. அது காய்ந்தால்தானே! மூட்டை மூட்டையாகக் கறுவாவும் கராம்பும் கிடக்கிற இடத்திலும் அந்த நாற்றம் தனியாகத் தெரிந்தது.

அவனும் சும்மா இருக்கவில்லை. எலுமிச்சந்தோல் திணித்தான். தேயிலைத் தூளைத் துணியில் கட்டி வைத்தான். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் பார்த்தான்; புகை வாசமும் கூடச் சேர்ந்துகொண்டது.

அன்று காலைதான் நல்லம்மா எல்லோர் முன்னாலும் இராமையா முதலாளியிடம் போய், “ஒண்ணு அந்தச் சப்பாத்து இங்க இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்” என்று சொல்லியிருந்தாள்.

“போய் வேலையப் பாருங்க” என்றார் முதலாளி. அவ்வளவுதான். விஜேந்திரன் மத்தியானச் சோற்றைத் தண்ணி டேங்குக்குப் பின்னால் போய்த் தனியாகச் சாப்பிட்டான்.

“எம் பொஞ்சாதி போட்டிருப்பாண்ணே,” என்றான் இப்போது. “நாத்தம் போறதுக்கு.”

“அப்ப காலையில அம்புட்டுத் தூரம் நடந்து வந்தியே, குத்தலையா?” என்றாள் நல்லம்மா.

“அதையும் கேட்டுருவோம்,” என்றார் செபஸ்தியன். “அவளுக்குக் கோல் எடு. ஸ்பீக்கர்ல போடு.”

அவன் மனைவி கிருஷாந்தி உடனே போனை எடுத்தாள்.

“சப்பாத்துக்குள்ள கராம்பு போட்டியா புள்ள?”

“கராம்பா? அது விக்கிற வெலைக்கு நான் கறிக்கே போடுறதில்ல. ராத்திரி அப்பச்சோடாதான் தூவி வச்சேன். ஏங்க, நாத்தம் கொறைஞ்சிருக்கா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விஜேந்திரன் போனை நிறுத்தினான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சத்தியமா நான் எடுக்கலண்ணே. இந்த வேலையும் போச்சுன்னா எங்களுக்கு வேற வழியில்ல.”

“முத்துவீரனும் இதையேதான் சொன்னான்.”

“என்னா மூளை பாரேன்!” என்றாள் நல்லம்மா. “அந்த நாத்தத்துக்குள்ள ஒளிச்சா ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்கன்னு தெரிஞ்சு வச்சிருக்கான். இவனைப் போய் அப்பாவின்னு நெனைச்சோமே!”

செபஸ்தியன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குடையால் இரண்டு சப்பாத்தையும் தட்டித் தட்டிக் கவிழ்த்தார். விழுந்ததை எல்லாம் பொறுக்கி ஒரு கடதாசியில் போட்டு எண்ணினார். நம்பிக்கை வராமல் இன்னொரு தரமும் எண்ணினார்.

மத்தியானம் மாத்தளைக்குப் போயிருந்த முதலாளியின் வேன் அப்போதுதான் உள்ளே நுழைந்தது.

கூட்டம் விலகி வழிவிட்டது. இராமையா முதலாளி, ஒற்றைக் கராம்பு தரையில் உருண்டாலும் குனிந்து எடுத்து மூட்டையில் போடுகிற ஆள். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. தன் செருப்பையே கையால் தொடாத மனுசர்.

“கையும் களவுமா புடிச்சிட்டேன் முதலாளி,” என்று கடதாசியை நீட்டினார் செபஸ்தியன். “சப்பாத்துக்குள்ள. பத்தொம்பது கராம்பு.”

“பத்தொம்பதா? நல்லா எண்ணினியா?”

“ரெண்டு தரம் எண்ணினேன் முதலாளி.”

“முதலாளி, நான் வந்து...” என்று ஆரம்பித்தான் விஜேந்திரன். முதலாளி கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

பிறகு குனிந்து இடது சப்பாத்தை எடுத்தார். மணிக்கட்டு மறையும் வரை கையை உள்ளே விட்டார். நல்லம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர் நுனிவரை துழாவி, மடிப்பில் சிக்கியிருந்த ஒரு கராம்பை வெளியே எடுத்தார்.

“பாத்தீங்களா முதலாளி, இன்னும் ஒண்ணு!” செபஸ்தியனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

முதலாளி அதைக் கடதாசியில் மற்றதோடு வைத்தார்.

“இப்ப சரி,” என்றார். “மத்தியானம் நான் போட்டது இருபது.”