மெயில் வண்டி நின்ற காலை

மூடுபனியில் சிக்னலின் சிவப்பு மட்டும் கசிந்து தெரிகிறது. பர்வல் சராயில் ஒருநாளும் நிற்காத மெயில் வண்டி இன்று விடியலிலிருந்து நிற்கிறது. வழிப்போக்கர்களுக்காக யாரோ கட்டிய சத்திரத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் எங்களுடையது. சத்திரம் இடிந்து, அதன் செங்கல்லெல்லாம் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வந்துவிட்டது. பசித்தவர்களைத் தேடி ஓடும் பழக்கம் மட்டும் போகவில்லை. பெண்கள் ஜன்னல் ஜன்னலாகப் பூரியும் உருளைக்கிழங்கும் நீட்டுகிறார்கள். ஒரு ஜன்னலில் இளம் தாய் ஒருத்தி, அழுது தொண்டை கட்டிப்போன குழந்தையோடு இருக்கிறாள். பால்மாவு ராத்திரியே தீர்ந்துவிட்டதாம். மிட்டாய்க்கடை சிரோமணி பால் கேனோடு ஓடி வருகிறார். பின்னாலேயே அவர் மனைவி பிட்டோ. “கல்யாண வீட்டுப் பேடாவுக்கு வெச்ச பாலுங்க! அவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?” “மாப்பிள்ளை அழமாட்டான்டி. நீ ஆத்திக் கொடு.” முணுமுணுத்துக்கொண்டே பிட்டோ டம்ளருக்கு டம்ளர் ஆற்றுகிறாள், புறங்கையில் சொட்டுவிட்டுச் சூடு பார்த்து, புட்டியில் ஊற்றுகிறாள். அழுகை நிற்கிறது. பெட்டி முழுவதும் பேச்சை நிறுத்தி, குழந்தை உறிஞ்சும் சத்தத்தைக் கேட்கிறது.

வண்டி ஊதுகிறது. “இது எந்த ஊருங்கய்யா? போர்டே தெரியலையே.” “உன் வண்டி நிக்காத ஊரும்மா. பேரு எதுக்கு?” “இவன் பெரியவனானா சொல்லணும்ல?” சிரோமணி வாயை மூடியிருந்த மஃப்ளரை இறக்கிவிட்டு, நகரும் வண்டியோடு ஓடி ஓடி ஊர்ப் பேரைச் சொல்கிறார். அவள் அதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது பனிக்குள்ளிருந்து எங்களுக்குக் கேட்கிறது.