ஐந்தாவது கையுறை

“மறுபடியும் ரெண்டு விரலைக் காணோம். இன்னாம்மா பாப்பம்மா, உனக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியுமா தெரியாதா?”

படப்பை மாதர் சங்கக் கூடத்தில் குரோஷா பின்னல் சொல்லித்தரும் சசிரேகா, அந்தப் பச்சை உல்லன் கையுறையை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள். கட்டைவிரல் இருந்தது. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் இரண்டு விரல்கள் அடியிலேயே மூடிக் கிடந்தன. கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். பாப்பம்மாள் தலை குனிந்து நின்றாள்.

சசிரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? சுவர்க் காலண்டரில் 1991 டிசம்பர் மாதத் தாள் தொங்கியது. ஊட்டிக் கடைக்கு நாற்பது ஜோடி அனுப்பியாக வேண்டும். இவள் வந்து சேர்ந்து மூன்று மாதம். முதல் மாதம் முழுக்கச் சங்கிலிப் பின்னல்கூட வரவில்லை. பின்னுவாள், பிரிப்பாள், திரும்பப் பின்னுவாள். வேறு யாராவது என்றால் ஊசியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். இவள் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. ஆர்வம் இருக்கிறதே என்று கையுறை பின்ன விட்டால், நான்கு தடவையும் இதே மூன்று விரல். நான்கையும் சசிரேகாவே பிரித்துப்போட்டாள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

“அதுவும் இடது கையவே பின்னிக்கினு கீற. வலது கைய யாரு பின்னுவா, நானா?”

“பின்னல் சீராத்தானே கீது டீச்சர்?”

“சீரா இருந்து இன்னா பிரயோஜனம்? இதைக் கொண்டு போனா கடைக்காரன் என் மூஞ்சிலயே அடிப்பான்.”

சசிரேகா கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க வூட்டுக்காரர் கம்பெனில தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல சூப்பர்வைசர். தினமும் சொல்வார், கவனம் இல்லாத ஆள மிஷின் பக்கமே விடக்கூடாதுன்னு. ஊசிக்கும் அதான். உன் பேரை அடிச்சிடறேன். நூலாவது மிஞ்சட்டும்.”

சசிரேகா நூல் முனையைத் தேடிப் பிடித்தாள்.

“பேரை அடிச்சிக்கோங்க டீச்சர். இதை மட்டும் பிரிக்காதீங்க. இந்த ஒன்னுதான் அளவா வந்துகீது. காலம்பறப் பனி வேற ஆரம்பிச்சிடுச்சி.”

“பனிக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?”

சசிரேகா இழுத்தாள். மணிக்கட்டில் ஒரு சுற்று அவிழ்ந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாகப் பாப்பம்மாள் அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஷிப்ட் முடிந்து, பாப்பம்மாளை அழைத்துப் போக வந்த அவள் கணவர் முனிரத்தினம் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். தோளில் கிடக்க வேண்டிய துண்டை இடது கையில் சுற்றியிருந்தார்.

“நல்ல வேளை வந்தீங்க. உங்க சம்சாரத்துக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. கவனமே இல்லாம என் நூலை நாசம் பண்றா. பாருங்க, இது ஒரு கிளவுஸா?”

முனிரத்தினம் கையுறையைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அவர் மெல்லத் துண்டை அவிழ்த்தார். சசிரேகாவிடமிருந்து கையுறையை வாங்கி இடது கையில் மாட்டிக்கொண்டார்.

மூன்று விரலும் கச்சிதமாகப் பொருந்தின.

“பிரஸ்ல கை மாட்டுன அன்னைக்கு, எனக்குக் கவனம் இல்லைன்னு ரிப்போர்ட்ல எழுதுனவரு உங்க வூட்டுக்காரர்தான் டீச்சர்” என்றார். “இவளுக்கும் நீங்க அதையே எழுதிடாதீங்க.”