மூணு பர்னரும் எரியல

“உன்னை நம்பி அடுப்பைக் குடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பாலதான் அடிச்சுக்கணும்!”

மெக்கானிக் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் அந்தம்மா அர்ச்சனையை ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம்தான் அந்த வீட்டு கேஸ் அடுப்பை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மூன்று பர்னரும் நீலமாக எரிந்ததை அந்தம்மாவே பக்கத்தில் நின்று பார்த்தார். இன்று காலையில் மூன்றுமே எரியவில்லை என்று அவர் மகனிடமிருந்து போன்.

ஒன்று மக்கர் செய்தால் சரி. மூன்றுமா சொல்லி வைத்த மாதிரி படுத்துக்கொள்ளும்?

“பாத்துடறேம்மா. பதறாதீங்க.”

“நான் ஏன் பதறணும்? பதற வேண்டியது நீ!”

அது நிஜம்தான். அந்தக் குடியிருப்பில் இருபத்துநாலு வீடு. அத்தனை வீட்டு அடுப்பும் வருஷத்துக்கு ஒருமுறை இவன் கைக்குத்தான் வரும். ஒரு வீட்டில் ‘ஆள் சரியில்லை’ என்று கிளப்பிவிட்டால் போதும், அடுத்த கூட்டத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். சங்கச் செயலாளர் இருப்பதோ நேர் எதிர் வீட்டில். அந்தம்மாவும் வாசல் கதவை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டுதான் கத்தினார்.

மெக்கானிக் சிலிண்டரை மூடிவிட்டு பர்னரைத் தூக்கினான். அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். கேஸ் வெளிவருகிற ஊசிமுனை ஓட்டை, மெக்கானிக்குகள் பாஷையில் ஜெட், அதன் வாயில் ரோஸ் கலரில் என்னவோ அப்பியிருந்தது. ஊசியால் சுரண்டி மோந்து பார்த்தான்.

குளிக்கிற சோப்பு. இரண்டாவதிலும் சோப்பு, மூன்றாவதிலும் சோப்பு.

“அம்மா, ஜெட்ல சோப்பு அடைச்சிருக்கு.”

“அடைக்காம? நீதானே போன வாரம் சோப்புத் தண்ணிய வாரி வாரி ஊத்தினே!”

“அது கேஸ் கசியுதான்னு பாக்க ட்யூப் மேல தடவுறதும்மா. ஜெட் பக்கமே போகாது. இது யாரோ விரலால...”

“ஓ! அப்ப எங்க அடுப்புல நாங்களே சோப்பு வெச்சுக்கிட்டோம்னு சொல்றியா?”

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. செயலாளர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா சத்தம்?”

“நல்ல ஆளப் பாத்துதான் பிடிச்சுக் குடுத்திருக்கீங்க! சோப்பப் போட்டு மூணு பர்னரையும் அடைச்சு வெச்சிருக்கான்.”

“நான் கீழதான் போறேன். வேலையை முடிச்சுட்டு என்னை வந்து பாருய்யா” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். மெக்கானிக்குக் காது சூடாகிவிட்டது. பதினோரு வருஷமாகக் கட்டிக் காத்த பேர்.

ஆபீஸுக்குக் கிளம்பி நின்ற மகன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க. இப்ப அடுப்பு எரியுமா, எரியாதா?”

“பத்தே நிமிஷம் சார். ஊசியால குத்தி எடுத்துட்டா பளிச்சுனு எரியும்.”

அதைக் கேட்டதும் உள்ளறையிலிருந்து மருமகள் வந்தாள். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. மறு கை அடிவயிற்றில்.

“பத்து நிமிஷம்தானே அத்தை, அண்ணன் சரி பண்ணட்டும். நான் டக்குனு ஏதாவது செஞ்சு குடுத்துடறேன். இல்லேன்னா அந்தக் கரண்ட் அடுப்பையாவது...”

“அதோட ஒயரத்தான் நேத்துலேருந்து காணோமே! நீ போய்ப் படு!” என்று சீறிய மாமியார், மெக்கானிக் பக்கம் திரும்பினார். “உன் கை இனிமே என் அடுப்பு மேல படக் கூடாது. வேற ஆள் வரட்டும். எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். கிளம்பு!”

வாயாடி ஜெயிக்கிற இடமா அது? பர்னர்களை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு மெக்கானிக் பையைத் தூக்கினான். கீழே போய்ச் செயலாளரிடம் உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்துவிட வேண்டும். அந்த வீட்டில் யாரோ வேண்டுமென்றே செய்த வேலை இது.

படி திரும்புகிற இடத்தில், பின்னால் செருப்பில்லாத காலடிச் சத்தம்.

“தம்பி... நில்லுப்பா.”

அந்தம்மாதான். குரல் மட்டும் வேறு யாருடையதோ போலிருந்தது.

“சோப்ப வெச்சது நான்தான்.”

மெக்கானிக் பையைப் படியில் இறக்கி வைத்தான்.

“அவளுக்கு வயித்துல ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகுது. ஒரு மாசத்துக்கு அடுப்படியில நிக்கவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. கேட்டாத்தானே? நான் கரண்டியத் தொட்டா ஓடி வந்து பிடுங்கிக்கறா. மாமியார வேலை வாங்கினான்னு பேர் வந்துடுமாம். என் பையனுக்கும் அவ கையால சுடச்சுட ஆக்கிப் போட்டாத்தான் சோறு இறங்கும். நேத்து தையல்கிட்ட ரத்தம் கசிஞ்சிருக்கு, புடவைய மடிச்சு மறைச்சுட்டு நிக்கறா. அடுப்பே எரியலேன்னா கடையில வாங்கித்தானே சாப்பிடணும், எனக்கு வேற வழி தெரியல. உனக்கு முன்கூட்டியே சொல்லலாம்னா, அதுக்குள்ள இவன் போனைப் போட்டுட்டான்.”

“அதுக்கு என் பேரையாம்மா கெடுக்கணும்?”

“தப்புதான்பா” என்றார். கண் கலங்கியிருந்தது. “செயலாளர்கிட்ட நானே வந்து உண்மையச் சொல்லிடறேன்.”

“அவர்கிட்டச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள உங்க மருமக காதுக்கு வந்துடும்மா. நீங்க மேல போங்க.”

கீழே செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“என்னய்யா இது? அந்தம்மா சொல்றது நிஜமா?”

“நிஜம்தான் சார், என் தப்புதான்” என்றான் மெக்கானிக். “வேற ஆள் யாரையும் அனுப்பிடாதீங்க. புது ஜெட் வரவழைச்சு நானே சரி பண்ணித் தந்துடறேன். எப்படியும் இருபது நாள் ஆகும்.”