ஒரு கை தூர வெளிச்சம்

“உங்க வீட்டுக்காரருக்கு இருட்டுன்னா பயமாம்மா?” என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் நாலைந்து டார்ச்சுகளை எடுத்து மேசை மேல் பரப்பினார்.

“பயமெல்லாம் இல்லைங்க. எப்பவும் சட்டைப் பையிலயே கிடக்கற மாதிரி சின்னதா ஒண்ணு வேணும்,” என்றாள் அவள்.

கணவர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். தோளில் பை. அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியவர், எப்போது திரும்புவார் என்று சொல்லவில்லை. காலையிலிருந்து அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குப் போகிற வழியில், சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத்தான் அவரை இங்கே நிறுத்தியிருந்தாள்.

“இதைப் பாருங்க. விரல் நீளம்தான் இருக்கும். ஆனா எதிர் கட்டடத்து மொட்டை மாடி வரைக்கும் அடிக்கும்.”

“அவ்வளவு தூரம் வேண்டாங்க. ஒரு கை தூரம் போதும்.”

“கை தூரத்துக்கு டார்ச் எதுக்கும்மா? தீக்குச்சி போதுமே.”

அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் விரல்கள் மேலேயே அடித்துப் பார்த்தாள். “இது ஒரே இடத்துல குவியுது. பரவலா விழணும். கண்ணும் கூசக் கூடாது.”

“அப்போ தலையில மாட்டிக்கறது இருக்கு. எடுக்கவா?”

“அது எதிர்ல இருக்கறவங்க கண்ணுல அடிக்கும். கீழ வெச்சா தானா நிக்கற மாதிரி இருந்தா நல்லது.”

“மாப்பிள்ளையைக்கூட இவ்வளவு பாத்துக் கட்டியிருக்க மாட்டீங்க போலிருக்கே,” என்ற கடைக்காரர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “சார், உங்களுக்குத்தானே? நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

கணவர் திரும்பவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார் ரொம்பக் கோவத்துல இருக்கார் போல.”

“தப்பு என் மேலதாங்க,” என்றாள். சொந்த அக்காவிடம்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. “நேத்து சண்டை. மாடித் தொட்டி நிரம்பி வழிஞ்சுபோச்சு. மோட்டாரை யார் நிறுத்தலைன்னு ஆரம்பிச்சது. நடுவுல நான் லைட்டை அணைச்சுட்டேன்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “லைட்டை அணைச்சதுக்கா பையைத் தூக்கிட்டார்? எங்க வீட்ல தட்டே பறக்கும்மா. மறுநாள் நான் கடையைத் திறக்காமலா இருக்கேன்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அவர் திரும்பப் போட்டுடக் கூடாதுன்னு ஸ்விட்ச் மேலயே கையை வெச்சுக்கிட்டு நின்னேன்.”

அந்த இருட்டில், சண்டையில் ஜெயித்துவிட்டதாக ஒரு திருப்தி வந்தது. அதை மட்டும் அவள் கடைக்காரரிடம் சொல்லவில்லை.

“டார்ச் வாங்கிக் குடுத்தா சரியாயிடுமா?”

“தெரியலைங்க. வீட்டு ஸ்விட்ச்சுன்னா என் கைக்கு எட்டும். இதுன்னா அவர்கிட்டயே இருக்கும்.”

கடைக்காரர் கட்டை விரல் பருமனில் கறுப்பாக ஒன்றை எடுத்து நீட்டினார். “நீங்க சொல்ற மாதிரின்னா இதுதான். பகல்ல ஒண்ணும் தெரியாது. உள்ள சாமான் ரூம் இருட்டா இருக்கும். அங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.”

அவள் வாசலுக்குப் போய்ப் பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். கணவர் ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு, பையை விட மனமில்லாதவர் போல அதன் பின்னாலேயே வந்தார்.

உள்ளே அட்டைப் பெட்டிகளும் பெயின்ட் வாடையும்தான். கதவைச் சாத்தியதும் ஒன்றுமே தெரியவில்லை. அவள் டார்ச்சைப் போட்டுத் தன் முகத்தின் மேல் அடித்துக்கொண்டாள். கீழேயிருந்து விழும் வெளிச்சத்தில் பேய் மாதிரி இருப்போம் என்று தெரிந்துதான் இருந்தது. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாத அந்த இருட்டில், அவர் அவளைப் பார்த்தார்.

“தப்புதான்,” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். டார்ச்சை அவர் கையில் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அணைத்தார். கையை நீட்டித் தேடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. நேற்று அவர் நின்றது போலவே அசையாமல் நின்றாள்.

வெளிச்சம் மறுபடி வந்தது. அவர் டார்ச்சைப் பெட்டி மேல் நிறுத்தினார். தோளிலிருந்து பை தரையில் விழுந்தது. அடுத்த நொடி அவருடைய இரண்டு கைகளும் அவள் முகத்துக்கு நேராக வேகமாக உயர்ந்தன.

பை விழுந்த சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த கடைக்காரர் பதறிப்போனார். “சார், பொம்பளை மேல கையை ஓங்காதீங்க, சார்.”

அவள் அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“ஓங்கலைங்க, பேசறார். காது கேக்காத மனுஷன் பேசிட்டிருக்கறப்போதான் நேத்து நான் லைட்டை அணைச்சேன்.”