இவ்ளோ பெருசு!

"என் கை மட்டும்தான் படணும். நீ கையையே தூக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதங்க" என்று கைகளைக் கட்டிக்கொண்டாள் மனைவி.

பல் டாக்டருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. மூன்று மாதச் சண்டை இது. கட்டப்போகும் வீட்டில் அவருக்குத் தூண்டில்களை மாட்டிவைக்கப் பெரிய அறை வேண்டும். அவளுக்கு, ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஆள் வெளியே போய் நிற்கத் தேவையில்லாத சமையலறை வேண்டும். இரண்டும் அடுத்தடுத்த அறைகள். இடமோ ஒன்றுக்குத்தான் காணும்.

என்ஜினீயர் தன் அலுவலகத்துக் காலிக் கூடத்தில் இருவர் கண்ணிலும் கட்டப்போகும் வீட்டைக் காட்டும் கண்ணாடியை மாட்டிவிட்டார். வெறுந்தரையில் வீடு எழுந்து நின்றது. சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் அசல் அளவில்.

"எந்த அறையைப் பார்த்து நிக்கிறீங்களோ அது மாறும் சார். கையை விரிச்சா பெருசாகும், சேர்த்தா சுருங்கும். நீங்க கண்ணாடியைக் கழட்டும்போது என்ன அளவோ, அதையே கட்டிடுவோம். ஏழு தடவை வரைஞ்சாச்சு. எட்டாவதுக்கு வேற ஆளைப் பாருங்க."

டாக்டர் இரண்டே நிமிடத்தில் வேலையை முடித்தார். தூண்டில் அறையில் பந்து விளையாடலாம். சமையலறையில் கரண்டி உள்ளே போனால் சட்டி வெளியே வந்தாக வேண்டும்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் மனைவி, கட்டிய கை கட்டியபடி சமையலறைக்குள் போய் நின்று. "இவ்வளவு பெரிய அறை எதுக்குன்னு என்ஜினீயர் தம்பி யோசிப்பார் பாருங்க. அந்த மீன் கதையைச் சொல்லிடுங்களேன்."

டாக்டர் அந்தக் கதையை வாரத்துக்கு முப்பது பேரிடம் சொல்கிறவர். எல்லாரும் வாயைத் திறந்துகொண்டுதான் கேட்பார்கள். வாய்க்குள் அவருடைய கருவி இருக்குமாதலால், இதுவரை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.

அவள் பக்கமாகத் திரும்பி ஆரம்பித்தார். "தூண்டிலைப் போட்டேன், படகே ஒரு சுத்து சுத்துச்சு. விடுவேனா? தம் கட்டி இழுத்தா... இவ்ளோ பெருசு!" கைகள் விரிந்தன.

"அவ்ளோதானா? போன வாரம் சித்தப்பாகிட்ட இன்னும் பெருசா காட்டினீங்களே?"

"வாலைச் சேர்த்தா இவ்ளோ!" சட்டையின் அக்குள் தையல் விட்ட சத்தம் என்ஜினீயருக்கே கேட்டது.

"சத்தியமா?"

"என் தொழில் மேல சத்தியம்!"

அவள் மெல்ல நடந்து தூண்டில் அறைக்கு வந்தாள். "அன்னிக்கு எங்க அண்ணனும் கூட வந்தாரே. அவருக்கும் ஒண்ணு மாட்டுச்சாமே?"

டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினார். "அதெல்லாம் ஒரு மீனா? இத்துனூண்டு!" இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு கடைவாய்ப் பல் நுழையும் இடம்தான் விட்டார்.

என்ஜினீயர் தன் திரையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"சாருக்குப் பெரிய மனசு. சமையலறை இருபதுக்குப் பதினெட்டு அடி. தூண்டில் அறை மூணுக்கு ரெண்டரை. ஒரு தூண்டிலைச் சாய்ச்சு வைக்கலாம். முடிச்சிடலாமா?"

மீன் கதை சொல்லும்போது டாக்டருக்கு மீனைத் தவிர எதுவும் கண்ணில் படாது. இப்போதுதான் சுவர்களைப் பார்த்தார்.

"ஐயையோ, இருங்க!" என்று சமையலறையைப் பார்த்துக் கைகளை அகல விரித்துத் தூக்கினார், ஒரே மூச்சில் சேர்த்துவிட.

"சேருங்க, நல்லா சேருங்க" என்றாள் கைகட்டி நின்றவள். "தம்பி, மீன் சின்னதாகுது, பார்த்துக்கோங்க."

கைகள் பாதியில் நின்றன. சட்டென்று தூண்டில் அறைப் பக்கம் திரும்பி, அதையாவது பெரிதாக்கலாம் என்று விரிக்கப் போனார்.

"அடடே, எங்க அண்ணன் பிடிச்ச மீன் வளருதே! கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவார்!"

டாக்டர் கொஞ்ச நேரம் இரண்டு கைகளையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, அதே கைகளால் கண்ணாடியைக் கழற்றினார்.