இளவரசிக்குப் பிடிக்காதது

இரண்டு நாள் பொட்டல்காட்டில் அலைந்து நான் பிடித்துவந்த வெட்டுக்கிளிகளை அந்த ஓணான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பட்டு மெத்தையில் கிடந்த அந்த ஜந்துவுக்குப் பெயர் இளவரசி.

“பண்ணைப் பூச்சியக் கொண்டாந்து ஏமாத்துறியா? அது ரேஷன்ல மனுஷங்களுக்குப் போடுறது. என் பொண்ணு தொடமாட்டா,” என்று சீறினார் சுகந்தா மேடம். “எங்க, நீயே தின்னு பார்த்துச் சொல்லு.”

விற்கிற சரக்கில் நான் வாய் வைத்ததே இல்லை. ஒன்றைக் கடித்தேன். பத்து வருடமாக ரேஷன் பூச்சிமாவு தின்று மரத்துப்போன நாக்கில் அது பச்சைப்புல் வாசத்தோடு இனித்தது. இதையா ஒரு ஓணானுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவன்! வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

“பண்ணைதான் மேடம். தப்பு நடந்துபோச்சு,” என்று முகத்தைத் தொங்கப்போட்டேன்.

“தூ! எடுத்துட்டுப் போய் நீங்களே தின்னுங்க.”

மேடம் சொல்லைத் தட்ட முடியுமா?